டெஸ்க்டாப்புக்கு வயர்லெஸ் கீபோர்டு: தமிழ்99இல் தட்டுபவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வயர்லெஸ் கீபோர்டு எழுத்தை விழுங்குகிறது, இல்லையென்றால் ஒரே எழுத்தை வரிசையாக அடித்துத் தள்ளுகிறது. இந்த இரண்டு புகாருக்கும் பெரும்பாலும் கீபோர்டு காரணமில்லை. கீபோர்டோடு வரும் சின்ன யுஎஸ்பி ரிசீவரைச் செருகியிருக்கும் இடம்தான் காரணம். அதைச் சரிசெய்யாமல் கீபோர்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வேலையைத்தான் காட்டும்.

ஒரு விசையைத் தட்டும்போது இரண்டு செய்திகள் போகின்றன. ஒன்று, விசை அழுந்தியது. மற்றது, விசை விடுபட்டது. முதல் செய்தி காற்றில் தொலைந்தால் எழுத்து விழாது. இரண்டாவது தொலைந்தால், விரல் இன்னும் விசைமேலேயே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டு 'kkkkk' என்று அடித்துக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் தட்டும்போது இரட்டித்த எழுத்து கண்ணில் பட்டுவிடும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் அப்படியில்லை. ஒரே மெய் இரண்டு முறை விழுந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைத்துவிடும். 'படம்' என்று தட்டியது 'பட்டம்' ஆகும், 'பாடு' என்பது 'பாட்டு' ஆகும், 'பதி' என்பது 'பத்தி' ஆகும். எல்லாமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது. நீளமாகத் தமிழில் எழுதுகிறவர்கள் இணைப்பின் தரத்தில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியது இதனால்தான்.

டெஸ்க்டாப்பில் ரிசீவர் வழக்கமாகப் போய் உட்காரும் இடம் சிபியு பெட்டியின் பின்பக்கம். மேசைக்குக் கீழே, சுவரை ஒட்டி, இரும்புப் பெட்டியின் மறைவில். கீபோர்டிலிருந்து ஒரு மீட்டர் தூரம்தான் என்றாலும் நடுவே உலோகத் தகடு நிற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் பக்கத்துப் போர்ட். யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளம்புகிறது. வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் பேசிக்கொள்வது அதே அலைவரிசையில்தான். இதை விளக்கி இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி 3.0இன் நீல நிறப் போர்ட்டில் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அதற்குப் பக்கத்திலேயே ரிசீவரையும் செருகினால் கீபோர்டு தடுமாறத்தான் செய்யும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஹார்டு டிஸ்க்குக்குப் பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி போட்டுவிட்டு, அது ஓடும்போது ஒரு பத்தி தட்டுங்கள். காப்பி ஓடும்போது மட்டும் எழுத்து தவறினால் குற்றவாளி அதுதான். தீர்வு, ஒரு மீட்டர் நீள யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள். அதன் நுனியில் ரிசீவரைச் செருகி, மானிட்டர் அடித்தளத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் ஒட்டிவிடுங்கள். கீபோர்டுக்கும் ரிசீவருக்கும் நடுவில் 30 சென்டிமீட்டர் போதும், இடையில் உலோகம் எதுவும் நிற்கக் கூடாது. மானிட்டரிலேயே இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் செருகலாமே என்று தோன்றும். ஆனால் பல மானிட்டர்கள் தூங்கப் போகும்போது அந்தப் போர்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்புறம் கீபோர்டைத் தட்டிக் கணினியை எழுப்ப முடியாது. வீட்டு வைஃபை ரவுட்டர் மேசைமேலேயே இருந்தால் கணினியையும் போனையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவதும் உதவும்.

அடுத்து, புளூடூத்தா ரிசீவரா என்ற கேள்வி. டெஸ்க்டாப்புக்கு ரிசீவர்தான், அல்லது இரண்டும் உள்ள மாடல். வெறும் புளூடூத் கீபோர்டை டெஸ்க்டாப்பின் ஒரே கீபோர்டாக வைத்துக்கொள்ளக் கூடாது. இயங்குதளம் ஏறிய பிறகுதான் பெரும்பாலான கணினிகளில் புளூடூத் உயிர்பெறும். இயங்குதளத்துக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக வேண்டுமென்றாலோ, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டாலோ, இரண்டு இயங்குதளத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றாலோ அந்தக் கீபோர்டு வெறும் பலகைதான். யுஎஸ்பி ரிசீவரைக் கணினி சாதாரண வயர் கீபோர்டாகவே பார்ப்பதால் முதல் நொடியிலிருந்தே வேலை செய்யும். புளூடூத் மாடலைத்தான் வாங்குவது என்று முடிவானால் பழைய வயர் கீபோர்டு ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருப்பவர்களுக்குப் புளூடூத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கணினியின் புளூடூத் முகவரி ஒன்றுதான், ஆனால் ஒவ்வோர் இயங்குதளமும் இணைக்கும்போது தனியாக ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ளும். லினக்ஸில் இணைத்ததும் விண்டோஸ் வைத்திருந்த எண் செல்லாமல் போய்விடும். மாறி மாறி இணைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். ரிசீவரில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

புளூடூத்தின் எட்டும் தூரம் ஒரு முழத்துக்குக்கூட வரவில்லை என்றால், பின்பக்கத்து ஆன்டெனாக்கள் திருகப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மதர்போர்டோடு வரும் வைஃபை ஆன்டெனாவைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஆன்டெனா ஒன்றுதான். தனியாக வாங்கிச் செருகும் வைஃபை கார்டாக இருந்தால், அதிலிருந்து ஒரு சின்னக் கேபிள் மதர்போர்டின் 9 பின் யுஎஸ்பி இணைப்பியில் போய்ச் சேர வேண்டும். அது செருகப்படாமல் இருந்தால் வைஃபை வேலை செய்யும், புளூடூத் கண்ணிலேயே படாது.

ரிசீவர் வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான செட்டுகளில் ரிசீவரும் கீபோர்டும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். ரிசீவர் தொலைந்தால் கீபோர்டும் குப்பைக்குத்தான். லாஜிடெக்கின் யூனிஃபையிங், போல்ட் என்ற இரண்டு வகை ரிசீவரும் தனியாகவும் கிடைக்கும், ஒரு ரிசீவரில் 6 சாதனங்கள் வரை சேர்க்கலாம். ஆனால் 2009இல் வந்த யூனிஃபையிங் ரிசீவரில் 2021இல் வந்த போல்ட் கீபோர்டு சேராது, போல்ட் ரிசீவரில் யூனிஃபையிங் கீபோர்டும் சேராது. வீட்டில் ஏற்கெனவே மவுஸ் இருந்தால் அதன் ரிசீவரில் உள்ள சின்னத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். சில மலிவுக் கீபோர்டுகள் தட்டுவதைப் பூட்டாமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன என்பதை அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். வங்கிக் கடவுச்சொல் தட்டுகிற கீபோர்டு இது. தட்டுவதைப் பூட்டி அனுப்பும் ஏஇஎஸ் 128 குறியாக்கம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

இப்போது விசைகள். ஆங்கில விமர்சனங்களில் இந்தப் பகுதி இருக்காது. தமிழ்99இல் வலது கைப்பக்கத்து நிறுத்தக்குறி விசைகள் பலவும் எழுத்துகள். அரைப்புள்ளி விசையில் 'ந', அதற்கடுத்த மேற்கோள் விசையில் 'ய', இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் 'ச'வும் 'ஞ'வும், சாய்கோட்டில் 'ழ'. ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு ஒருமுறை தொடுகிற இந்த விசைகளைத் தமிழில் சொல்லுக்குச் சொல் தொட வேண்டும். டேப்லெட்டுக்கென்று வரும் சின்ன அளவுக் கீபோர்டுகளில் இடம் போதாமல் முதலில் நெருக்கப்படுவது இந்த விசைகள்தான். பாதி அகலத்துக்குக் குறுக்கிவிடுவார்கள், அல்லது எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். 'ய'வுக்கு இரண்டு விசை அழுத்தி யாரால் கட்டுரை எழுத முடியும்?

கடையில் ஒரு சின்ன ஸ்கேல் போதும். க்யூ விசையின் இடது விளிம்பிலிருந்து திறப்புச் சதுர அடைப்புக்குறி விசையின் இடது விளிம்பு வரை அளந்து பாருங்கள். பத்து விசை அகலம் அது. முழு அளவுக் கீபோர்டில் 19 சென்டிமீட்டர் வரும். அரை சென்டிமீட்டர் குறைந்தால் பழகிக்கொள்ளலாம், 17க்குக் கீழே போனால் தமிழ்99க்கு அது உதவாது. ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது 'அம்மா'வுக்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறவர்களுக்கு, இந்தத் தொல்லை இல்லை. எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். தமிழ்99இல் எஃப்தான் புள்ளி, ஜே 'ப'. பார்க்காமல் தட்டுகிறவருக்கு அந்த மேடுதான் வழிகாட்டி. விசைமேல் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கரைத் தவிர்ப்பது நல்லது. வியர்வை பட்டு ஓரம் சுருண்டு, விரல்நுனியில் ஒட்ட ஆரம்பிக்கும்.

மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்துவது வழக்கம். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொதுவான கீபோர்டு மேக் நிலையில் இருந்தால் விண்டோஸ் விசையும் ஆல்ட் விசையும் இடம் மாறிப்போகும், மொழி மாறாது. கீக்ரான் கீபோர்டுகளில் இதற்குப் பக்கவாட்டில் தள்ளு சுவிட்ச் உண்டு. லாஜிடெக் கே380இல் எஃப்என்னையும் பி விசையையும் மூன்று நொடி பிடித்தால் விண்டோஸ் நிலைக்கு வரும், எஃப்என்னும் ஓ விசையும் மேக் நிலைக்குக் கொண்டுபோகும். தெரியாமல் கைபட்டு மாறிவிட்டால் கீபோர்டு கெட்டுவிட்டதென்று நினைத்துவிடுவார்கள்.

டேலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர்கள் எண்பலகை இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம். மேல்வரிசையையும் பார்க்க வேண்டும். எஃப்5 தட்டினால் பேமென்ட், எஃப்6 தட்டினால் ரிசீப்ட், எஃப்8 தட்டினால் சேல்ஸ் என்று விரல் பழகியிருக்கும். பல வயர்லெஸ் கீபோர்டுகளில் அந்த விசைகள் பிறந்ததிலிருந்தே ஒலி கூட்ட, வெளிச்சம் குறைக்க என்று அமைந்திருக்கும். எஃப்என் பூட்டு வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். லாஜிடெக் எம்எக்ஸ் கீஸில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் மாறும்.

பேட்டரியில் டெஸ்க்டாப்புக்கு என் ஓட்டு மாற்றக்கூடிய செல்லுக்கே. டிவி ரிமோட்டில் போடும் ஏஏஏ அளவு பென்சில் செல் இரண்டில் கே380 24 மாதம் ஓடும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். நாள் முழுக்கத் தட்டினால் அவ்வளவு வராது, ஆனாலும் மாதக்கணக்கில் மறந்துவிடலாம். அதற்கு எதிர்முனையில் எம்எக்ஸ் கீஸ்: பின்விளக்கு எரிந்தால் 10 நாள், அணைத்துவைத்தால் 5 மாதம். இந்த வித்தியாசத்திலேயே பின்விளக்கு எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். கீக்ரான் கே2வில் 4000 எம்ஏஎச் பேட்டரி வைத்திருப்பதும் விளக்குக்காகத்தான். உள்ளேயே அடைத்த லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தளரும், மாற்றுவதென்றால் கீபோர்டைப் பிரிக்க வேண்டும்.

செல் போடும்போது செய்யும் தவறு இரண்டு. மலிவான ஜிங்க்-கார்பன் செல் போடுவது ஒன்று. அதில் துத்தநாக உறையே கரைந்துதான் மின்சாரம் தருகிறது, உறை மெலிந்ததும் ஒழுகும். மாதக்கணக்கில் மூடியைத் திறக்காத கீபோர்டுக்கு அது ஆகாது. அல்கலைன் போடுங்கள், அல்லது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல். நிக்கல் செல் 1.5 அல்ல, 1.2 வோல்ட் என்பதால் கீபோர்டு முதல் நாளே பாதி சார்ஜ்தான் என்று காட்டலாம். பயப்பட வேண்டாம், அந்த 1.2 வோல்ட்டிலேயே கடைசிவரை நின்றுவிட்டுத் திடீரென்று விழும். மற்றொரு தவறு, பழைய செல் ஒன்றோடு புதிய செல் ஒன்றைச் சேர்ப்பது. அல்கலைன் ஒழுகி வெள்ளைப் பொடி படிந்திருந்தால், பஞ்சு நுனியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடையுங்கள். அந்தப் பொடி காரத்தன்மை உடையது, அமிலம் அதைக் கரைத்துவிடும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் புதிய செல்லைப் போடுங்கள்.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலைப் புதுப் போன் சார்ஜரில் இரண்டு முனையும் சி ஆன கேபிளால் செருகி, சார்ஜ் ஏறவில்லையே என்று திகைப்பதும் நடக்கிறது. மலிவு மாடல்கள் சிலவற்றில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் சார்ஜருக்குக் கீபோர்டு இருப்பதே தெரியாது. ஒரு முனை பழைய யுஎஸ்பி-ஏ ஆன கேபிளைக் கணினியில் செருகினால் ஏறிவிடும்.

கொஞ்ச நேரம் தொடாவிட்டால் வயர்லெஸ் கீபோர்டு தூங்கிவிடும். எழுப்புகிற முதல் தட்டு சில மாடல்களில் தொலைந்துபோகும், 'தமிழ்' என்று தட்டினால் 'மிழ்' என்று விழும். கடவுச்சொல் தப்பு என்று வருவதும் இதனால்தான். கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டி எழுப்பிவிட்டுத் தொடங்குங்கள். ஷிப்ட் வேண்டாம், அதைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஐந்தாவது தட்டில் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கவா என்ற கேள்வி எழும்பும்.

தேநீர் கொட்டினால் மெம்ப்ரேன் கீபோர்டில் ஒரு வரிசையே சாகும், ஏனென்றால் உள்ளே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பல விசைகளுக்கு ஒரே கடத்திக் கோடு. உடனே செல்லைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். விசைக்கு விசை தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கலில் பெரும்பாலும் ஒரு விசைதான் போகும், சாக்கெட் வைத்த மாடலென்றால் அந்த சுவிட்சை மட்டும் பிடுங்கி மாற்றலாம். மெக்கானிக்கலில் தொடுமுனை தேய்ந்தால் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். மேலே சொன்ன 'பட்டம்' அப்போதும் வரும். ஒரே விசையில் மட்டும் இரட்டித்தால் சுவிட்ச், எல்லா விசையிலும் அங்கங்கே வந்தால் ரிசீவர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் நேரில் வாங்கினால் கடையிலேயே செல் போட்டு, ரிசீவரைச் செருகி, நோட்பேடில் எல்லா விசையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஸ்பேஸ்பாரின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி அழுந்த வேண்டும். கேப்ஸ் லாக் விளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், செல்லை மிச்சப்படுத்தப் பல மாடல்களில் அதை விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் வாங்கினால், ரிசீவர் பெட்டியில் இல்லை என்று திருப்பி அனுப்பும் முன் செல் மூடியைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் அதை அங்கேதான் செருகி வைத்திருப்பார்கள்.