மலைப் பக்கச் சுவருக்கு ‘வோட்டர் புரூஃப்’ அடித்துத் தருகிறோம் என்றால் கவனம்

பழைய வீட்டை வாங்கித் திருத்தி, ஹோம்ஸ்டேயாக விடவோ லாபம் வைத்து விற்கவோ நினைப்பவர்கள் மலையகத்தில் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பின் சுவரில். வீட்டுக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால் ஏமாற்றுவது இன்னும் சுலபம்.

பண்டாரவளைப் பக்கத்து வீடு ஒன்றில் நடந்தது இது. மேட்டை வெட்டிக் கட்டிய வீடு. பின் சுவர் பாதி உயரத்துக்கு மண்ணோடு ஒட்டி நிற்கிறது. உள்ளே ஈரம், சாந்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு. பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சு, அதற்கு மேல் மூன்று கோட் வோட்டர் புரூஃப், பிறகு பெயின்ட், வெளியே மண்ணிலிருந்து வரும் தண்ணீரை வடித்துவிட 40 அடிக்குக் கான் என்று கொந்தராத்து. பாதிப் பணம் முற்பணமாகப் போனது. மார்ச் வெயிலில் வேலை முடிந்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது. ஒக்டோபர் மழை பிடித்து இரண்டு கிழமைக்குள் பெயின்ட் கொப்புளம் போட்டு உரிந்து விழுந்தது. பின்னால் தோண்டினால், கான் கண்ணுக்குத் தெரிகிற மூலையில் 6 அடிதான். மிச்ச இடமெல்லாம் மண்ணுக்கு மேல் சல்லி தூவியிருந்தது. “இந்த முற மழ கூட சேர், நாங்க என்னா செய்றது” என்று ஒரு பதில். அதற்குப் பிறகு வேலையை எடுத்த பாஸ் (மேசன்) போன் எடுக்கவில்லை.

தண்ணீர் வருவது மண்ணிலிருந்து. உள்பக்கம் எத்தனை கோட் அடித்தாலும் அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஈரம் சுவரிலேயே மேலே ஏறிப் பக்கத்து அறைக்குப் போகும்.

விலை பேசுவதற்கு முன் ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் தண்ணீர் கோத்திருந்தால் மண்ணிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. நுவரெலியாக் குளிருக்கு இந்த இரண்டாவது வகையும் நிறைய. அதற்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி சரி, கான் வெட்டத் தேவையில்லை.

கான் என்றால் எப்படி? வீட்டுத் தரையைவிட 6 அங்குலமாவது ஆழம், ஒரு அடி அகலம், 8 அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் (சரிவு). அடியில் துளை போட்ட 4 அங்குலப் பீவீசி குழாய், சுற்றிலும் முக்கால் அங்குலச் சல்லி, சேறு புகாமல் எல்லாவற்றையும் சுற்றி வடிதுணி. துணி இல்லாவிட்டால் குழாய் சேற்றில் அடைத்துப்போகும். கானில் வரும் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்றும் பாருங்கள்: கீழ் வீட்டுக்காரரின் மேட்டில் விட்டால் அடுத்த சரிவு அங்கேதான். மூடுவதற்கு முன் முழு நீளத்துக்கும் அளவு டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வராமல் பெயின்ட் காசு கொடுக்க வேண்டாம்.

மேட்டு மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரில் இன்னொரு விளையாட்டு. பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வரிசையாகக் குழாய் ஓட்டைகள் தெரியும். ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். மூன்று அங்குலத்தில் முட்டினால் அது குழாய்த் துண்டை முகப்பில் செருகி வைத்த பொய் ஓட்டை. உண்மையான ஓட்டை சுவரைக் கடந்து பின்னால் இருக்கும் கல் நிரப்பு வரை போகும், வெளிப்பக்கம் சரிந்திருக்கும். தண்ணீர் போக வழியில்லாத கருங்கல் சுவர் ஒரே மழையில் வயிறு தள்ளிவிடும்.

சீமெந்துக் கணக்கும் பாருங்கள். ஒன்றுக்கு ஐந்து கலவையில், அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடிய பூச்சுக்கு, 100 சதுர அடிக்கு 50 கிலோ மூட்டை ஒன்று போதும். 1200 சதுர அடிக்கு 30 மூட்டை பில் வந்தால் கேள்வி கேளுங்கள். மணல் ஒரு கியூப் என்பது 100 கன அடி; ஆனால் ஈர மணல் ஊதி, காய்ந்ததைவிடக் கால் பங்கு வரை கூடுதலாகத் தெரியும்.

வெடிப்புள்ள வீடு என்றால் இன்னும் கவனம். உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் 2014 கடைசியில் தண்ணீர் பாய்ந்த பிறகு பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2025 நவம்பர் டித்வா புயல் மலையகம் முழுவதும் மண்ணை அசைத்தது. புட்டி போட்டுப் புதுப் பெயின்ட் அடித்து விலைக்கு வரும் வீட்டில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கோட்டைத் தேடுங்கள். விரலால் தட்டினால் புட்டி வேறு சத்தம் கொடுக்கும். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் திகதியோடு கோடு போட்டு, மாதம் ஒருமுறை பாருங்கள். நீண்டுகொண்டே போனால் அசைவது நிலம், பூச்சால் நிற்காது.

அறை கூட்டிக் கட்டுவதாக இருந்தால் பிரதேச சபை அனுமதிக்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். “அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்ற பாஸின் வாயை நம்பாமல், கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

கடைசிப் பத்து வீதப் பணத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை வைத்திருப்பதாக முதல் நாளே எழுத்தில் போடுங்கள். ஹட்டன், நுவரெலியாவுக்கு அது மே மாதம் தொடங்கும் மழை. பதுளை, பண்டாரவளைக்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை.