ஆறு வருடம், ஒரு ஸ்டாட்ஸ் புத்தகம், ஒரு மைனஸ் ஒன்

போன வாரம் என் ஸ்டாட்ஸ், அதாவது புள்ளியியல், புத்தகத்தை பைண்டிங் பண்ணி வாங்கினேன். ஆறு வருடமாகப் புரட்டிப் புரட்டி முதுகு கழன்று, டி டெஸ்ட் (சராசரிகளை ஒப்பிடும் சோதனை) அத்தியாயம் மட்டும் தனியாகக் கையோடு வர ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே ஜூனியர் ஒருத்தியிடமிருந்து மெசேஜ்: "அக்கா, நீங்க படிச்ச ஸ்டாட்ஸ் புக்கோட புதுப் பதிப்பு வந்திருக்கு. வாங்கலாமா?"

பெயர் சொல்லப் போவதில்லை. உளவியல் மாணவர்களுக்கென்று வரும் தடிமனான அறிமுகப் புத்தகங்கள் எல்லாமே அட்டையைக் கழற்றிவிட்டால் ஒரே சாடைதான். சராசரியில் தொடங்கி, அனோவா, கை ஸ்கொயர் (chi-square) என்ற சோதனைகளில் போய் முடியும். பாடத்திட்டமும் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், பிறகு மனசு வராது. கணக்கு என்றாலே கை நடுங்கும் ஆளை இந்தப் புத்தகம் உட்கார வைத்துவிடும். ஃபார்முலாவுக்கு முன்னால் படம் போடச் சொல்லும். புள்ளியியலாளர் அன்ஸ்கோம் 1973ல் உருவாக்கிய நான்கு எண் தொகுதிகளை கோரிலேஷன் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்) அத்தியாயத்தின் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். நான்கிலும் பதினொரு புள்ளிகள், எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, கோரிலேஷன் 0.82. படமாகப் போட்டால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும். கடைசியில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக வரிசை கட்டி நிற்க, தூரத்தில் இருக்கும் ஒற்றைப் புள்ளிதான் மொத்த கோரிலேஷனையும் சுமக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து, படம் இல்லாமல் யாராவது கோரிலேஷன் சொன்னால் நான் நம்புவதில்லை.

பி வேல்யூவையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தது. 0.03 வந்தால் "நல் ஹைபாதிசிஸ் (null, வித்தியாசமே இல்லை என்ற அனுமானம்) உண்மையாக இருக்க மூன்று சதவீத வாய்ப்பு" என்று அர்த்தமில்லை. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கண்ணில் பட மூன்று சதவீத வாய்ப்பு. இதைத் தப்பாகச் சொல்லும் சீனியர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லும் எஃபெக்ட் சைஸுக்கு நாலே பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், போகட்டும்.

இனி என் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது அத்தியாயத்தில் வேரியன்ஸ், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழி, வர்க்கப்படுத்து, கூட்டு, எண்ணிக்கையால் வகு. அழகாகப் புரிந்தது. ஒன்பதாவது அத்தியாயத்தில் அதே வேரியன்ஸ், ஆனால் வகுப்பது 'என் மைனஸ் ஒன்'னால் (n - 1), அதாவது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து. ஏன்? "டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் காரணமாக" என்று ஒரு வரி, இப்போதைக்கு ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிற பாவனை, அடுத்த பத்தி வேறு விஷயம். 600 பக்கப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் கிடைக்கவில்லை.

இது வெறும் தத்துவக் கோபம் இல்லை. 2, 4, 6 என்ற மூன்று எண்களுக்கு மூன்றாவது அத்தியாயத்தின்படி திட்ட விலக்கம் (வேரியன்ஸின் வர்க்கமூலம்) 1.63. ஆர் (R) மென்பொருளில் எஸ்டி (sd, திட்ட விலக்கம்) என்று கேட்டால் 2. பைத்தானில் கணக்குப் போடும் நம்பையிடம் (NumPy) சும்மா கேட்டால் மறுபடி 1.63. முதல் செமஸ்டரில் இந்த வித்தியாசத்தைத் தேடி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன், எங்கேயோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து. நான் தப்பே பண்ணவில்லை.

கடைசியில் துண்டுச் சீட்டுதான் காப்பாற்றியது. உலகத்திலேயே மூன்று பேர்தான் இருக்கிறார்கள், ஞாபகத் தேர்வில் அவர்கள் நினைவுகூர்ந்த வார்த்தைகள் 2, 4, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பேரும் கையில் இருப்பதால் உண்மையான வேரியன்ஸ் 8 வகுத்தல் 3, அதாவது 2.67. இப்போது ஒரு சீட்டை எடுத்து எழுதிவிட்டு, திரும்பப் போட்டுக் குலுக்கி இன்னொன்றை எடுங்கள். இரண்டு பேர் கொண்ட சாம்பிள் இப்படி ஒன்பது விதமாக வரலாம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் சராசரியை வைத்து விலக்கங்களின் வர்க்கத்தைக் கூட்டினால்: ஒரே எண் இரண்டு முறை வரும் மூன்றுக்கும் 0, பக்கத்துப் பக்கத்து எண்கள் வரும் நான்குக்கும் 2, இரண்டும் ஆறும் சேரும் இரண்டுக்கும் 8. மொத்தம் 24.

இரண்டால் வகுத்து ஒன்பதின் சராசரி எடுத்தால் 1.33. உண்மையான 2.67ல் சரிபாதிதான். இரண்டு மைனஸ் ஒன்று, அதாவது ஒன்றால் வகுத்தால் 2.67. அச்சு அசல்.

காரணமும் அங்கேயே இருக்கிறது. 4, 6 என்ற சாம்பிளை எடுங்கள். அதன் சொந்தச் சராசரி 5, அங்கிருந்து வர்க்கங்களின் கூட்டல் 2. உண்மையான சராசரியான 4லிருந்து அளந்தால் கூட்டல் 4. சாம்பிள் தன் சராசரியைத் தனக்கு வசதியாகத் தன் நடுவிலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் சிதறல் சராசரியில் குறைவாகத்தான் தெரியும், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மைனஸ் ஒன். இதை எழுத எனக்கு மூன்று பத்தி ஆனது.

இதில் கொடுமை, டி டெஸ்ட் அத்தியாயத்தில் கதை சொல்ல மட்டும் ஒரு முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த காஸெட், 1908ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டது, அதனால்தான் ஸ்டூடன்ட்ஸ் டி என்கிறோம் என்பது எல்லாம். நல்ல கதைதான். ஆனால் அந்தக் கட்டுரையில் காஸெட்டே எண்ணிக்கையால்தான் (n) வகுத்திருந்தார், 'என் மைனஸ் ஒன்'னைப் பிடித்துக்கொண்டு நின்றவர் புள்ளியியலாளர் ஃபிஷர், இவ்வளவு சின்ன சாம்பிளோடு மல்லுக்கட்டுவது குறும்புக்கார மதுவடிப்பாளர்கள் மட்டும்தான் என்று இன்னொரு புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் கிண்டலடித்தார் என்கிற பகுதியை விட்டுவிட்டார்கள். எனக்குத் தேவையாக இருந்தது அந்தப் பகுதிதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். நூறு பேர் சாம்பிள் என்றால் திட்ட விலக்கத்தில் அரை சதவீதம்தான் வித்தியாசம், பியர்சன் சொன்னதில் தப்பில்லை. இன்னொன்றும் உண்டு. என் மைனஸ் ஒன் வேரியன்ஸைத்தான் சரிசெய்யும், வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் மறுபடி குறைவாகவே வரும். அதே ஒன்பது சீட்டில் சராசரி 1.26, உண்மை 1.63. வாயைத் திறந்தால் இதையும் சொல்ல வேண்டிவரும் என்றுதான் புத்தகக்காரர் மூடிக்கொண்டாரோ என்னவோ. முதல் வருடப் பிள்ளைகளிடம் எங்கே நிறுத்துவது என்பது அவருக்கும் தலைவலிதான்.

இப்படி அவரை மன்னித்திருந்த நேரத்தில்தான் பைண்டிங் வந்தது. ஒன்பதாவது அத்தியாயத்தின் ஓரத்தில் அந்த ஒன்பது சாம்பிளையும் பென்சிலில் அட்டவணையாக எழுதி வைத்திருந்தேன். புத்தகம் புதுசு மாதிரித் தெரிய வேண்டுமென்று மூன்று பக்கமும் ஓரத்தைச் சீவிக் கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் அட்டவணையில் பாதி இல்லை. மிச்சம் இருப்பது அச்சில் இருக்கும் அந்த ஒரு வரி, "டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் காரணமாக".

வாங்காதே என்று ஜூனியருக்குப் பதில் போட்டேன். அன்ஸ்கோம், பி வேல்யூ, படங்கள் எல்லாம் அப்படியே இருந்தும் போட்டேன். புதுப் பதிப்பில் அந்த வரியை மாற்றியிருக்கிறார்களா பார்த்துச் சொல், அப்புறம் யோசிக்கலாம் என்றேன். பார்த்தாள், மாற்றவில்லையாம்.

"அப்போ உங்க புக்கைத் தர்றீங்களா அக்கா?" என்றாள். அட்டவணையை ஒரு தாளில் திரும்ப எழுதி ஒன்பதாவது அத்தியாயத்தில் செருகி வைத்திருக்கிறேன். அதைக் கீழே போடாமல் திருப்பித் தருவதாக இருந்தால் எடுத்துக்கொள் என்றேன்.