வீணைமேல பழைய டேப் பசை: லைட்டர் பெட்ரோலா, நீலகிரித் தைலமா, ஸ்பிரிட்டா?

எங்க அத்தையோட வீணை இந்தப் பங்குனில எங்க வீட்டுக்கு வந்துச்சு. 1960கள்ல தஞ்சாவூர்ல சொல்லி செஞ்சு வாங்கினது, பலா மரம், குடம் (அடியில இருக்கற உருண்டை), தண்டி (நீளக் கழுத்து) எல்லாம் ஒரே மரத்துல குடைஞ்ச ஏகாந்த வீணை. அத்தைக்கு இப்ப விரல் சொன்னபடி கேக்கறதில்ல, மயிலாப்பூர் வீட்டைக் காலி பண்ணும்போது "நீ வாசிடி, இல்ல உன் பொண்ணாவது வாசிக்கட்டும், உறையைப் போட்டு மூலையில சாத்திடாதே"ன்னு சொல்லிக் கையில குடுத்தாங்க.

உறையைக் கழட்டி ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா மூணு இடத்துல பழைய பசை. குடத்தை மூடியிருக்கற பலகையில, தந்தியைத் தாங்கற குதிரைக்குப் பக்கத்துல, காண்டாக்ட் மைக் ஒட்டின டபுள் சைடு டேப்போட பசை, அஞ்சு ரூபா காசு அகலத்துக்கு, தூசியும் முடியும் பிடிச்சு கருப்பா. ஏதோ ஒரு மார்கழி கச்சேரில மைக் செட்காரர் அத்தையைக் கேக்காமலே ஒட்டினதாம், அத்தைக்கு அது இன்னும் மனசுல இருக்கு. ரெண்டாவது, குடத்தோட பக்கவாட்டுல ஒரு மயிரிழை வெடிப்புமேல யாரோ செல்லோ டேப் ஒட்டி, டேப் எப்பவோ உதிர்ந்துபோய் பசை மட்டும் மஞ்சளா கண்ணாடி மாதிரி காஞ்சு நிக்குது. மூணாவது தண்டியில, மெட்டு (தந்தியை அமுக்கி ஸ்வரம் எடுக்கற உலோகக் கம்பி) நிக்கற மெழுகை ஒட்டி ஸ்வரம் எழுதின குட்டி ஸ்டிக்கருங்களோட பசை. அதை ஒட்டினது நான்தான், பத்து வயசுல அத்தைகிட்ட கத்துக்கிட்டப்ப.

எதால எடுக்கலாம்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா தேங்காண்ணெய்ன்னாங்க, ஹார்டுவேர் கடை அண்ணன் தின்னர்னாரு, ரிச்சி ஸ்ட்ரீட்ல செல்போன் சர்வீஸ் பண்ற தம்பி ஐ.பி.ஏ.ன்னான் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), மாமியார் நீலகிரித் தைலம்னாங்க. இதுல எதைப் போட்டாலும் பசை கொஞ்சமோ நெறையவோ போகும். கூடவே வேற எது போகும்ங்கறதுலதான் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம், அதனால நான் ஒவ்வொண்ணையும் மூணு விஷயத்தை வச்சுப் பார்த்தேன்: பாலிஷைத் தொடுதா, மெழுகைத் தொடுதா, எண்ணெய்ப் பிசுக்கு விட்டுட்டுப் போகுதா.

முதல்ல உங்க வாத்தியத்துமேல என்ன பாலிஷ் இருக்குன்னு தெரியணும், அது தெரியாம எந்த பாட்டிலையும் திறக்காதீங்க. பழைய வீணை, ஆர்மோனியம் இதுலெல்லாம் பெரும்பாலும் அரக்கு பாலிஷ்தான், அதாவது பூச்சி சுரக்கற அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சு துணிப்பொட்டலத்தால தடவித் தடவி ஏத்தறது, பாலிஷ் போடறவங்க ஃப்ரெஞ்ச் பாலிஷ்ன்னு சொல்வாங்க. இதோட குணம் என்னன்னா ஸ்பிரிட்ல கரைச்சுப் போட்டது அறுபது வருஷம் கழிச்சும் ஸ்பிரிட் பட்டா திரும்பக் கரையும். பழைய கிட்டார்ல பல சமயம் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் இருக்கும், அது தின்னர்ல கரையும். இப்ப வர்ற சாமானுங்கள்ல மெலமைன் பாலிஷோ பி.யூ.வோ (பாலியூரித்தேன்) இருக்கும், அது ரெண்டுக்கும் அவ்வளவு சீக்கிரம் அசையாது. நான் குடத்தோட அடியில, தரையில உக்கார்ற எடத்துல, காது குடையற பட்ஸ் நுனியை ஸ்பிரிட்ல லேசா தொட்டு ஒரே ஒரு புள்ளி வச்சேன். பத்து செகண்ட்ல பட்ஸ் நுனி டீத்தூள் கலர் ஆயிடுச்சு, விரல் வச்சா ஒட்டுது. அப்ப அரக்குதான். சந்தேகமே இல்ல.

அதோட ஸ்பிரிட், ஐ.பி.ஏ., ஹேண்ட் சானிடைசர் மூணும் என் லிஸ்ட்லேர்ந்து வெளிய போயிடுச்சு. ஐ.பி.ஏ. செல்போன் போர்டுக்கு அருமையான சாமான், டேப் பசையையும் நல்லா எடுக்கும், ஆனா அரக்குமேல பட்டா பசையோட சேர்த்து பாலிஷும் பட்ஸ்ல வந்துடும், துடைச்ச எடம் மேட் ஆகி குழி விழுந்த மாதிரி தெரியும். சானிடைசரும் அதே ஆல்கஹால்தான், 2020ல கொரோனா பயத்துல வாத்தியத்தையே சானிடைசர் போட்டுத் துடைச்சவங்க இருக்காங்க, ஒரு வயலின் உடம்பு முழுக்க வெள்ளை வெள்ளையா பூத்துப் போனதை நானே பார்த்தேன், இப்ப நெனச்சாலும் வயிறு கலங்குது. மெலமைன் போட்ட புது வாத்தியம்னா ஐ.பி.ஏ.வை ஒரு மூலையில டெஸ்ட் பண்ணிட்டு யூஸ் பண்ணலாம். பழசுக்கு வேணாம்.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் (அதுல இருக்கற அசிட்டோன்) ரெண்டும் இன்னும் மோசம். என்.சி. லேக்கரை உருக்கும், அரக்கைக் கெடுக்கும், பழைய கிட்டார் ஓரத்துல வர்ற செல்லுலாய்டு பட்டையைக் கரைச்சுடும். ஹார்டுவேர் கடைல முதல்ல எடுத்து நீட்டறது இதைத்தான், ஏன்னா அவங்க பார்க்கறது இரும்பு கேட்டும் பெயின்ட் பிரஷ்ஷும். அவங்க மேல தப்பில்ல, வீணைக்குன்னு நீங்கதான் சொல்லணும்.

இப்ப மிஞ்சி நிக்கறது லைட்டர் பெட்ரோல், டர்பன்டைன், நீலகிரித் தைலம், தேங்காண்ணெய், ஹேர் டிரையர். நிஜமான போட்டி இதுங்களுக்குள்ளதான்.

லைட்டர் பெட்ரோல்னு நான் சொல்றது சிகரெட் லைட்டர்ல ஊத்தற திரவம், நாப்தா. ட்ரை கிளீனிங் கடைங்கள்ல வெள்ளை பெட்ரோல்னு சொல்றதும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். இது அரக்கைக் கரைக்காது, ரப்பர் ஜாதி பசையை இளக்கும், அக்ரிலிக் பசையை ஊற வைக்கும், நிமிஷத்துல ஆவியா போயிடும், பிசுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. என்.சி. லேக்கர் இருக்கற பழைய கிட்டாருக்கும் இது பரவால்ல, ரொம்ப நேரம் ஊற விடாத வரைக்கும்.

வண்டிக்குப் போடற பெட்ரோலும் இதுவும் ஒண்ணுதானேன்னு நெனச்சு பைக் டேங்க்லேர்ந்து எடுத்துடாதீங்க. இப்ப பங்க்ல வர்ற ஈ20 பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு, எத்தனால்னா ஸ்பிரிட்டேதான், மேல நான் வேணாம்னு ஒதுக்கின அதே சாமான் பெட்ரோல் வாசனையில ஒளிஞ்சுக்கிட்டு வருது. பலபேர் தாத்தா காலத்துல பெட்ரோல் போட்டுத் துடைச்சோம், ஒண்ணும் ஆகலையேன்னு சொல்றது நெசம்தான், அந்தக் காலத்து பெட்ரோல் வேற.

பலகையில இருந்த டபுள் டேப் பசையை இதாலதான் எடுத்தேன். பழைய காட்டன் வேட்டித் துணியைச் சின்னதா கிழிச்சு, நனைச்சுப் பிழிஞ்ச மாதிரி ஈரமா மட்டும் வச்சுக்கிட்டு, பசைமேல அப்படியே அரை நிமிஷம் அமுக்கி வச்சேன், தேய்க்கல. எடுத்துப் பார்த்தா பளபளன்னு இருந்த பசை மங்கி ஓரமெல்லாம் லேசா உப்பியிருந்துச்சு. கட்டைவிரலால ஓரத்துலேர்ந்து உள்பக்கமா உருட்டினேன், காய்ச்சின பால்மேல ஏடு சுருளற மாதிரி சுருண்டு சுருண்டு வந்துச்சு, உள்ள முப்பது வருஷத்துத் தூசியோட. அதே மாதிரி ஏழெட்டு தடவை. கடைசியா துணியோட சுத்தமான பக்கத்தால ஒரு இழுப்பு. கீழ பாலிஷ் அப்படியே இருந்துச்சு, கலர் மட்டும் சுத்தி இருக்கறதைவிட கொஞ்சம் வெளுப்பு. அது கறை இல்ல, மத்த எடம் வெளிச்சம் பட்டு நிறம் ஏறியிருக்கு, டேப் மூடின எடம் ஏறல, அவ்வளவுதான். அதைத் தேய்ச்சு சரி பண்ணப் போனீங்கன்னா நல்லா இருக்கற பாலிஷ்தான் போகும்.

இதோட ஒரே பெரிய ஆபத்து நெருப்பு. நம்ம வீடுங்கள்ல வீணை பெரும்பாலும் பூஜை ரூம்லதான் இருக்கும், விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த ரூம்ல பாட்டில் மூடியைக்கூடத் திறக்காதீங்க. இந்த ஆவி காத்தைவிட கனம், தரையோட ஊர்ந்து போய் தூரத்துல இருக்கற தீயைக்கூடப் பிடிக்கும். நான் பால்கனியில, சமையல் முடிஞ்சு கேஸை ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் பண்ணேன், துணிங்களைக் கொடியில காயப்போட்டுட்டுதான் குப்பையில போட்டேன்.

டர்பன்டைன் இதோட தம்பி மாதிரி. கடைல டர்பன்டைன்னு கேட்டா குடுக்கறது பெரும்பாலும் மினரல் டர்பன்டைன். அரக்குக்குப் பெருசா கெடுதல் இல்ல, பசையும் இளகும், ஆனா மெதுவா காயும், லேசா பிசுக்கு நிக்கும், வாசனை ரெண்டு நாள் போகாது. லைட்டர் பெட்ரோல் கிடைக்காத எடத்துல ஓகே, கிடைச்சா அதுவே மேல். மண்ணெண்ணெய்க்கும் இதே பதில், பிசுக்கு இன்னும் அதிகம்.

தேங்காண்ணெய் விஷயத்துல எனக்கு ரொம்ப நாள் குழப்பம், ஏன்னா வீணை வாசிக்கறவங்க கையிலேயே எண்ணெய் இருக்கு, தந்திமேல விரல் வழுக்கிட்டுப் போக தேங்காண்ணெய் தொட்டுக்கறது வழக்கம்தானே, அப்ப குடத்துமேல தடவினா என்ன? பாலிஷுக்கு ஒண்ணும் ஆகாது, நெசம். பசையும் ராத்திரி பூரா ஊற வச்சா இளகும். ஆனா என் வீணையில டேப் பசை இருந்ததே ஒரு வெடிப்புமேல. எண்ணெய் வெடிப்புக்குள்ள இறங்கிடுச்சுன்னா மரம் குடிச்சுடும், அப்புறம் நாளைக்கு ஆசாரி அந்த வெடிப்பை ஒட்ட வந்தா பசை பிடிக்காது, மேல பாலிஷ் போட்டாலும் ஒட்டாம வழுக்கும். சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேவுக்கும் இதே பிரச்சனை. அதனால வெடிப்பு, உரிஞ்ச பாலிஷ், மூட்டு இருக்கற எடத்துல எந்த எண்ணெயும் வேணாம்.

நீலகிரித் தைலம் நான் எதிர்பார்த்ததைவிட நல்லா வேலை செஞ்சுச்சு, மாமியார் சொன்னது தப்பே இல்ல. அந்தக் கண்ணாடி மாதிரி காஞ்ச செல்லோ டேப் பசைமேல லைட்டர் பெட்ரோல் ஒண்ணுமே பண்ணல. ரப்பர் பசை வருஷக்கணக்கா காத்துல கெட்டியாகி குணமே மாறிப்போனா அப்படித்தான், இளகறதுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இல்ல. முதல்ல மூங்கில் குச்சியைத் தட்டையா சீவி, காஞ்ச பசையை மெதுவா நெம்பினேன், பாதி செதில் செதிலா தானா வந்துடுச்சு. மீதிக்கு வெடிப்பைத் தொடாம பட்ஸ் நுனியால தைலம் தொட்டு வச்சு, ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், துடைச்சுட்டு உடனே லைட்டர் பெட்ரோல் துணியால ஒரு தடவை. தைலத்தை ஊற விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, நேரம் விட்டா பாலிஷை மங்க வச்சுடும். ஆரஞ்சு வாசனை வர்ற ஸ்டிக்கர் ரிமூவரையும் இதே கணக்குலதான் வைப்பேன், வேலை செய்யும், ஆனா கண்ணை எடுக்காம கூடவே இருக்கணும். மொத்தத்துல காஞ்ச பசைக்குக் குச்சி முதல்ல, தைலம் ரெண்டாவது, பிசுபிசுப்பு இருக்கற பசைக்கு லைட்டர் பெட்ரோல்.

ஹேர் டிரையர் கிட்டாருக்கு சிலபேர் சிபாரிசு பண்றாங்க. வீணைக்கு நான் கண்டிப்பா வேணாம்னு சொல்வேன். 24 மெட்டும் நிக்கறது மெழுகுல, தேன்மெழுகுல குங்கிலியமும் கருப்புப் பொடியும் சேர்த்துக் காய்ச்சி மேளம் கட்டறது, அதாவது மெட்டுங்களை ஸ்வரத்துக்குச் சரியா நிறுத்தறது. தேன்மெழுகு 62, 64 டிகிரியில உருகிடும், அதுக்கு முன்னாடியே இளக ஆரம்பிக்கும், டிரையர் காத்து அதைச் சுலபமா தாண்டும். ஒரு மெட்டு அரை நூல் நகர்ந்தாக்கூட ஸ்வரம் போச்சு. அக்னி நட்சத்திரத்துல பூட்டின கார்ல வீணையை வச்சுட்டுப் போகாதீங்கன்னு வாத்தியார்கள் சொல்றது இதுக்குத்தான். அரக்கும் சூட்டுல இளகற பொருள்தான், சூடா இருக்கும்போது துணி பட்டா அச்சு விழுந்துடும்.

இங்கதான் என் மூணாவது எடம் மாட்டிக்கிச்சு. மெழுகை ஒட்டின ஸ்டிக்கர் பசை. லைட்டர் பெட்ரோல், டர்பன்டைன், தைலம், எண்ணெய் எல்லாமே மெழுகையும் தொடும், பாலிஷைக் காப்பாத்தற குணமே இங்க எதிரி ஆயிடுது. ஸ்பிரிட் மெழுகை அவ்வளவா தொடாது, ஆனா பாலிஷைத் தின்னும், மெழுகுல இருக்கற குங்கிலியத்தையும் விடாது. அதனால அந்த எடத்துக்கு எந்த பாட்டிலும் ஜெயிக்கல, விரல்தான் ஜெயிச்சுது. கை கழுவி நல்லா துடைச்சுட்டு, விரல் சூட்டுலேயே பசையை உருட்டி உருட்டி எடுத்தேன், ஒரு ஸ்டிக்கருக்குக் கால் மணி நேரம் ஆச்சு. பொண்ணும் பக்கத்துல உக்காந்து ரெண்டு எடுத்தா, "இது ரி, இது க"ன்னு சொல்லிக்கிட்டே.

தண்ணியை மறந்துட்டேன். சரஸ்வதி பூஜைக்கு வச்ச சந்தனம், குங்குமம், காகித லேபிளோட கோந்து இதுக்கெல்லாம் தண்ணி போதும், துணியை நனைச்சு இறுக்கிப் பிழிஞ்சு துடைச்சுட்டு உடனே காஞ்ச துணி. ஈரம் நின்னா அரக்கு வெள்ளையா பூத்துடும். சோடா, அமோனியா இருக்கற கண்ணாடி கிளீனர் மட்டும் ஆகாது, காரம் பட்டாலும் அரக்கு கரையும். யாளி முகத்துப் பெயின்ட், தங்க ரேக்கு வேலை இருக்கற எடத்துல பசை இருந்தா நீங்களா எதுவும் பண்ணாதீங்க, வேலை தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.

இன்னும் நாலு ஸ்டிக்கர் பசை பாக்கி இருக்கு, மெழுகுக்குள்ளேயே கொஞ்சம் இறங்கின மாதிரி. அதை அப்படியே விட்டுட்டேன். மெட்டெல்லாம் தேய்ஞ்சிருக்கு, ஐப்பசில மறுபடி மேளம் கட்ட ஆசாரி வர்றேன்னு சொல்லியிருக்காரு, பழைய மெழுகு மொத்தமா வெளிய வரும்போது அதுவும் கூடவே போயிடும்.