இனோவேயா, ரோட்ரிகஸா: நெடுங்காலம் நிலைக்கப்போவது யார்?

குத்துச்சண்டையில், 2022 டிசம்பரில் பாண்டம் எடைப் பிரிவிலும், 2023 டிசம்பரில் அதற்கு அடுத்த சூப்பர் பாண்டம் எடைப் பிரிவிலும் நான்கு முக்கிய அமைப்புகளின் உலகப் பட்டங்களையும் ஒன்றிணைத்த ஜப்பானிய வீரர் நவோயா இனோவேதான் சாதனையின் கனத்தில் முந்துகிறார். ஆயினும், வரும் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், அவரைவிட ஏறக்குறைய ஏழு வயது இளையவரான அமெரிக்க வீரர் ஜெசி ரோட்ரிகஸையே நான் தேர்ந்தெடுப்பேன். ஏனெனில், எடை குறைந்த பிரிவுகளில் வேகம் தளர்ந்தால் மற்றத் திறன்களும் உடன் தளர்ந்துவிடும்.

விழுந்து எழும் உரம் இருவருக்கும் உண்டு. 2024 மே மாதம் டோக்கியோவில் மெக்சிகோ வீரர் லூயிஸ் நேரியிடம் முதல் சுற்றிலேயே விழுந்த இனோவே, ஆறாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். அடுத்த மாதமே, மற்றொரு மெக்சிகோ வீரரான ஹுவான் பிரான்சிஸ்கோ எஸ்ட்ராடாவிடம் ஆறாம் சுற்றில் விழுந்த ரோட்ரிகஸ், ஏழாம் சுற்றில் அவருடைய உடலில் இறக்கிய இடக்கைக் குத்தினால், பத்து எண்ணி முடியும்வரை அந்த அனுபவசாலியை எழவிடாமல் செய்தார். குத்திய கணமே பக்கவாட்டில் நகர்ந்துவிடும் ரோட்ரிகஸின் கால்வேகமே என் நம்பிக்கைக்கு முதன்மைக் காரணம்.