சுளுக்கு வழிக்கிறதா, கரண்ட் வைக்கிறதா, வாசப்படியில் நிற்கிறதா?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கபடிதான் உயிர். ரைடுக்குப் போனவன் திரும்பும்போது கார்னரில் நிற்பவன் கணுக்காலைக் கவ்வுவான். கால் ஒரு பக்கம் மடங்கும், உடம்பு இன்னொரு பக்கம் போகும். சாயங்காலத்துக்குள் கணுக்கால் இட்லி மாதிரி வீங்கிவிடும். அப்புறம் அவன் அம்மா கேட்பார்: "சார், எங்க கொண்டு போய்க் காட்டுறது?"

பக்கத்துத் தெருவில் சுளுக்கு வழிக்கிறவர், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, தனியார் பிசியோ கிளினிக், வீட்டு வாசப்படி. இந்த நாலில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நாலுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பார்த்திருக்கிறேன்.

சுளுக்கு வழிக்கிறவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ராத்திரி எட்டு மணிக்கும் கதவைத் திறப்பார், வெற்றிலை பாக்கோடு கொடுத்ததை வாங்கிக்கொள்வார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்த மாவைக் குழைத்துப் போடுகிற பத்து காய்ந்து இறுகினால், கால் அசையாமல் இருக்கும். அதுவரை சரி. வம்பு அந்தக் கட்டைவிரலில்தான் இருக்கிறது. புதுசாக வீங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றி அழுத்தி உருவும்போது, உள்ளே கிழிந்து ஒட்டப் பார்க்கிற நார் மறுபடி பிய்கிறது, ரத்தம் கசிகிறது.

வளர்கிற வயசில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, பக்கத்தில் இருக்கும் தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவனுக்கு நார் கிழிகிற அடியில் பதின்மூன்று வயசுப் பையனுக்கு எலும்பே விரிசல் விடலாம். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம்தான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை மூன்று நாள் வழித்தார்கள். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் எக்ஸ்ரே எடுத்தால் விரிசல். முழங்கை என்றால் இன்னும் மோசம். அடிபட்ட முழங்கையை வழித்தால் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போவதுண்டு.

அதனால் மைதானத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுவேன். அடிபட்ட காலை ஊன்றி நாலு எட்டு நடக்கச் சொல்வேன், நொண்டினாலும் பரவாயில்லை. பிறகு கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பார்ப்பேன். நடக்க முடியாவிட்டாலோ, எலும்பிலேயே வலி என்றாலோ எக்ஸ்ரேதான். ஒட்டாவா விதிகள் என்று டாக்டர்கள் கையாளும் முறையின் சுருக்கம் இது. கனடாவின் ஒட்டாவா நகரப் பெயரை எங்கள் பையன்கள் 'ஆட்டோ' என்று ஆக்கிவிட்டார்கள், நானும் திருத்தவில்லை.

(ஐஸுக்கு எங்கள் கரையில் பஞ்சமில்லை, மீன் பெட்டியிலிருந்தே ஒரு கட்டி எடுத்து வருவார்கள். துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வைத்தால் வலி அடங்கும், அவ்வளவுதான். ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-இல் சொன்ன அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னால் எழுதினார்.)

எக்ஸ்ரே என்றானதும் பெரியாஸ்பத்திரிக்கு இணை கிடையாது. ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. எக்ஸ்ரே, எலும்பு டாக்டர், பிசியோ எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். சிக்கல் நேரம்தான். ஓ.பி. காலையில், பள்ளிக்கூடமும் காலையில். தங்கச்சிமடத்திலிருந்து வருகிற அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். தினமும் போக முடியாது. முதல் தடவை என்ன அடி என்று தெரிந்துகொள்ளவும், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னேற்றம் காட்டவும் போனால் போதும்.

தனியார் கிளினிக்கில் சாயங்காலம் போகலாம், காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு பெயர்ப்பலகைக்குப் பின்னால் இரண்டு வேறு வைத்தியம் இருக்கிறது.

பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் எங்கள் ரைடரைப் பத்து சிட்டிங் வரச் சொன்னார்கள், ஒன்றுக்கு முந்நூறு ரூபாய். ஒருநாள் கூடப் போனேன். ஈரப் பஞ்சு வைத்த பட்டைகளைக் கணுக்காலில் கட்டி சுவிட்சைப் போட்டார்கள். "குறுகுறுன்னு இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, பையன் இருபது நிமிஷம் போனில் கேம் ஆடினான். வலி குறைந்தது உண்மை. பத்தாவது சிட்டிங் முடிந்து மைதானத்துக்கு வந்தான். இரண்டாவது ரைடிலேயே அதே கால் மடங்கியது. பத்து நாளில் ஒருமுறைகூட அவனை அந்தக் காலில் நிற்க வைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு சின்ன வயசு பிசியோ அம்மா. மிஷினைத் தொடவே இல்லை. "தம்பி, செருப்பைக் கழட்டு. கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல நில்லு" என்றார். நல்ல காலில் முப்பது விநாடி நின்றான். அடிபட்ட காலில் ஆறு விநாடிக்குள் மேஜையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வலியே இல்லாத கால் இப்படி ஏமாற்றும் என்று அவன் நினைக்கவில்லை. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் சுளுக்கில் அடிபடுகின்றன. அதைக் கரண்ட் திருப்பித் தராது, நின்று நின்றுதான் வர வேண்டும். அந்த அம்மா நோட்டில் வீட்டுக்கு வேலை எழுதிக் கொடுத்து, வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். செலவும் குறைந்தது.

ஆகவே கிளினிக்கைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே வேலை செய்வது பையனா, மிஷினா?

வாசப்படி வைத்தியம் அந்த நோட்டில் இருப்பதுதான். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக் காலில் குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். எண்ணிக்கை நல்ல காலுக்குச் சமமானால் ஒற்றைக் கால் தாவல், அதன் பிறகு வெட்டித் திரும்பும் ஓட்டம். கூடவே எங்களுக்குக் கடல் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் கால் சுமப்பது உடம்பு எடையில் பாதிதான், அதனால் சீக்கிரமே நடக்கத் தொடங்கலாம். வாடை வீசாத மாசங்களில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். சொறிமீனும் திருக்கையும் உண்டு, திருக்கை மிதிபடாமல் விலகிப் போகப் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்வேன். மணலில் ஓடினால் கால் உறுதியாகும் என்பார்கள். முதல் வாரங்களில் காய்ந்த மணல் வேண்டவே வேண்டாம், கால் புதைந்து அதே பக்கம் மடங்கும். அலை நனைத்து இறுகிய மணலில் மெதுவாகத் தொடங்கலாம்.

முழங்காலில் 'டப்'பென்று சத்தம் கேட்டு அன்றைக்கே வீங்கினால் இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் ஏசிஎல் சவ்வு கிழிந்திருக்கலாம், நேரே எலும்பு டாக்டர். ஆபரேஷனுக்கு மதுரை போகிறவர்களே அதிகம். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே ரயிலும் ஏறலாம். ஆபரேஷன் முடிந்தும் ஒன்பது மாசத்துக்கு முன்னால் களத்தில் இறங்கக் கூடாது. நாலு மாசத்தில் நடை சரியாகிவிடும், பையனை உட்கார வைப்பதுதான் பெரிய வைத்தியம்.

எங்கள் ரைடர் இப்போது தினமும் படியில் நிற்கிறான். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேற்று எண்ணினோம், வலது காலில் 27, இடது காலில் 19. பட்டியலில் அவன் பெயரை எழுதவில்லை. இரண்டு நாளாக என்னோடு பேச மாட்டேன் என்கிறான், ஆனால் படிக்கு வருவதை நிறுத்தவில்லை.