பைன் கட்டையில் ஷிடேக் வளரும் என்று யாராவது வித்து விற்றால்

கொடைக்கானலில் பூம்பாறைப் பக்கம் எங்களுக்குப் பூண்டு போடும் சிறு நிலம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஐப்பசிக் காற்றில் வேலியோரப் பைன் மரங்கள் இரண்டு சாய்ந்துவிட்டன. பைன் விறகை யாரும் ஆசையாகக் கேட்பதில்லை. ஒரே புகை, பாத்திரமெல்லாம் கரி. அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது: எந்த மரக்கட்டையிலும் ஷிடேக் காளான், வித்தும் பயிற்சியும் தருகிறோம், விளைச்சலையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

"என்னிடம் பைன் கட்டைதான் இருக்கிறது, சரிப்பட்டு வருமா?" என்று விளம்பரம் கொடுத்தவரிடம் தெளிவாகவே கேட்டேன். "பைன்தான் சார் அருமை. பிசின் இருப்பதால் பூச்சி அண்டாது" என்றார். பூச்சியை விரட்டும் பிசின் காளானுக்கு மட்டும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் என்று நானும் நம்பினேன். 500 மரமுளைகள் (காளான் வித்து ஏற்றிய சிறு மரக்குச்சிகள், கட்டையில் துளையிட்டு அடிப்பவை), மெழுகு, ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே.

நல்ல வித்து வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும். புதுக்காளான் வாசனை வரும். எனக்கு வந்த பையின் அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருந்தது. முளைகளின் ஓரங்களில் பச்சைப் புள்ளிகள். முகர்ந்தால் இரண்டு நாள் புளித்த தோசை மாவு. தயாரித்த தேதியும் இல்லை, ரகத்தின் பெயரும் இல்லை. "இதை அப்படியே திருப்பி அனுப்பிவிடப்பா" என்றார் அம்மா. பஸ்ஸில் மலையேறி வந்த சூடு என்று சமாதானம் சொன்னது நான்தான்.

மீட்டர் நீளக் கட்டைகளில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, முளையை அடித்து, உருக்கிய மெழுகால் வாயடைத்து, சாக்கு போர்த்தி நிழலில் அடுக்கினேன். துளைகளிலிருந்து பிசின்தான் கசிந்தது. போன் செய்தபோதெல்லாம் ஒரு காரணம் கிடைத்தது: ஈரம் போதவில்லை, பிறகு ஈரம் அதிகம், பிறகு பொறுமை வேண்டும்.

பத்தாவது மாதம் ஒரு கட்டையின் பக்கவாட்டில் வெள்ளையாக, மெல்லிய விசிறிகள்போல் ஏதோ முளைத்தது. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில்: "வாழ்த்துகள் சார், முதல் விளைச்சல்! சமைத்துப் பாருங்கள்."

ஷிடேக்குக்குப் பழுப்புத் தொப்பியும் காம்பும் உண்டு. இதற்குக் காம்பே இல்லை. பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். இதைச் சமைக்கச் சொன்னதை விட முடியவில்லை. ஜப்பானில் பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டைகளில் சுகிஹிராதாக்கே என்றொரு வெள்ளைக் காளான் முளைக்கும். காலம் காலமாகச் சாப்பிட்டு வந்ததுதான். 2004 இலையுதிர் காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களில் 17 பேர் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். என் கட்டையில் வந்தது அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. என்னவென்று அந்த மனிதருக்கும் தெரியாது. என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது.

பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவரிடம் போனேன். ஷிடேக் என்ற பெயரில் உள்ள 'ஷி' ஓக் குடும்பத்து மரம் ஒன்றின் பெயராம். 'தாக்கே' என்றால் காளான். ஓக் போன்ற அகன்ற இலை மரங்களின் கட்டைதான் அதற்கு வீடு. பதில் பெயரிலேயே இருந்திருக்கிறது! பைனில் எதுவுமே வளராது என்றும் இல்லை. சிப்பிக்காளானில் புல்மோனேரியஸ் என்ற இனம் ஊசியிலைக் கட்டையிலும் வரும். ஆனால் வைக்கோல் படுக்கையில் ஒரு மாதத்துக்குள் பறிக்கக்கூடிய சிப்பிக்காளானுக்காகக் கட்டையைத் துளைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யார் காத்திருப்பார்கள்?

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'பராமரிப்புக் குறைபாட்டால் விளைச்சல் இல்லையெனில் நிறுவனம் பொறுப்பல்ல' என்று இருக்கிறது. ரசீது தரவில்லை. பணம் அனுப்பிய விவரத்தையும் உரையாடல்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் காளானின் இனம், வித்துத் தயாரித்த தேதி, எந்த மரத்துக்கானது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பணம் அனுப்பாதீர்கள்.

போன வாரம் அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. கட்டைக் காளான் வளர்ப்பு, ஒரு நாள் பயிற்சி வகுப்பு, கட்டணம் 2,500 ரூபாய். மதியம் காளான் பிரியாணி உண்டாம்.