இலவச வார்டா, வீட்டுப் பராமரிப்பா: எதில் காசு கரைகிறது?

"அரசாங்க ஆஸ்பத்திரிதானே, என்ன செலவு?" தம்பி தென்னையால் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டதிலிருந்து மூதூரில் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்பது இது. பில் வராது, உண்மை. காசு வேறு வழியால் போகும்.

படுக்கைப் புண்ணையே பாருங்கள். வாலெலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவப்பு. விரலால் அமத்தினால் வெளிறவில்லை. உணர்வில்லாததால் அவனுக்கு நோகாது, அது புண்ணின் தொடக்கம் என்று எங்களுக்கும் விளங்கவில்லை. ஒரு கிழமையில் குழி. திருகோணமலை வார்டில் மருந்தும் கட்டும் இலவசம்தான். ஆனால் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அண்ணாவின் நாட்கூலி நின்றது. சாப்பாடு, பம்பர்ஸ், வெளியில் எடுக்கச் சொல்லித் துண்டு தரும் சில மருந்துகள் தனி. போக, 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் காசில்லாமல் வந்தது. திரும்ப வேன் பிடித்தோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் படுத்தபடி வருகிறவனை பஸ்ஸில் ஏற்ற முடியுமா? கிருமி எலும்புக்குள் இறங்கினால் கிழமைக் கணக்கில் ஊசி. ஒப்பரேசன் செய்து புண்ணைத் தசை வைத்து மூடினால் அதற்குப் பிறகும் கிழமைக் கணக்கில் உட்காரக்கூடாது.

புண் வராமல் வீட்டில் பராமரிக்கச் செலவு: காற்று மெத்தை, தோலைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி, நித்திரை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்ட வேண்டும். மெத்தை வாங்கினால் புரட்டத் தேவையில்லை என்று நினைப்பது பிழை. கரண்ட் போனால் அது வெறும் றப்பர். நித்திரைக்கு விலை போட்டாலும் வீட்டுப் பராமரிப்புத்தான் மலிவு.

சலம் தானாகப் போகாதவருக்குக் குழாயால்தான் எடுக்க வேண்டும், அதில் கணக்கு குழப்பமானது. உள்ளேயே விட்டுவைக்கும் நிரந்தரக் குழாய் மலிவாகத் தெரியும், மாற்றுவதும் எப்போதாவதுதான். நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குழாய் விட்டு எடுப்பதற்குக் குழாய்கள் விரைவில் முடியும். ஆனால் நிரந்தரக் குழாயில் தொற்றும் கல்லும் கூட. அமெரிக்காவில்கூட இப்படி அடிபட்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் வருசத்தில் ஒருமுறையாவது மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள், முன்னணிக் காரணம் சலத்தொற்று போன்றவை. கை இயங்குகிறவர் விட்டு எடுப்பதையே பழகட்டும். கழுத்தில் அடிபட்டுக் கை விளங்காதவருக்கு நிரந்தரக் குழாய்தான் பெரும்பாலும் வழி. அவருக்குத் திடீரென்று தலையிடியும் வியர்வையும் வந்தால் நிமிர்த்தி இருத்தி, முதலில் குழாய் எங்காவது மடிந்து சலம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், அடங்காவிட்டால் 1990க்கு அடியுங்கள்.